ஆச்சிக்கு ஒரு வேலை கொடுங்கள்



பங்குனி வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. பிள்ளைகளுக்கு முழுப் பரீட்சை நெருங்குகிறது. இந்த நாட்களில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் தெற்கே போகிற போன் பேச்சில் ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடும்: "எப்பம்மா வாறீங்க?"

முன்பெல்லாம் லீவு விட்டால் பிள்ளைகள்தான் ஊருக்குப் போவார்கள். ஆச்சி வீடு, வாய்க்கால் குளியல், மாமா பிள்ளைகளோடு சண்டை என்று இரண்டு மாதம் ஓடிவிடும். இன்று அப்பா, அம்மா இருவருக்கும் ஆபீஸ். பிள்ளைக்கு நீச்சல் வகுப்பு, கீபோர்டு வகுப்பு. ஒன்பதாம் வகுப்பை முடித்த பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம், கோடையிலேயே பத்தாம் வகுப்புப் பாடம் ஆரம்பித்துவிடுகிறது. ஆகவே தாத்தாவும் ஆச்சியும் ரயில் ஏறுகிறார்கள்.

மே மாதத்தில் ஒருநாள் விடியற்காலை எழும்பூர் ஸ்டேஷனில் போய் நின்று பாருங்கள். தெற்கிலிருந்து ராத்திரி கிளம்பிய ரயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும். பெட்டி நின்றதும் முதலில் இறங்குவது சாமான்தான். வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர் மேலேயிருந்து ஒவ்வொரு பையாக எடுத்துக் கொடுப்பார். எல்லாப் பையும் இறங்கியாயிற்றா என்று எண்ணிப் பார்த்த பிறகுதான் தான் இறங்குவார். "போர்ட்டர் வச்சிக்கிடலாம்ல, இவ்ளோ எதுக்குத் தூக்கிட்டு வாறீங்க?" என்று மகன் கோபித்துக்கொள்வான். அவர்கள் காதில் அது விழாது. பேரன் எங்கே நிற்கிறான் என்று கண் தேடிக்கொண்டிருக்கும்.

அந்தப் பைகளில் என்ன இருக்கும்? துணிக்கடையில் கொடுத்த கட்டைப்பை ஒன்றில் கூழ்வற்றலும் சுண்டவற்றலும். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி, மூடிக்கு மேல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்ட செக்கு நல்லெண்ணெய். ஈரத்துணியில் சுருட்டிய முருங்கைக்கீரை. உடன்குடிக் கருப்பட்டி. தொலி உளுந்து இரண்டு கிலோ. பேரனுக்கு என்று தனியாக ஒரு டப்பாவில் முறுக்கு; அது நொறுங்கிவிடக் கூடாதே என்று மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருப்பார்கள். இதெல்லாம் சென்னையில் கிடைக்காதா என்றால், கிடைக்கும். போனில் தொட்டால் பத்து நிமிஷத்தில் வாசலுக்கே வரும். அது அவர்களுக்கும் தெரியும். வெறுங்கையோடு போய் ஒரு வீட்டில் உட்காரக் கூடாது, அது பெற்ற பிள்ளையின் வீடாகவே இருந்தாலும் சரி என்பதுதான் அந்தப் பைகளின் கணக்கு. வருகிறபோதே தங்கள் பங்கைக் கையில் எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

அப்படி வந்தவர்களை நாம் என்ன செய்கிறோம்? சோபாவில் உட்காரவைக்கிறோம். இந்த மாதம் உங்களோடு பேச நினைத்தது இதைத்தான்.

எங்கள் அடுக்ககத்தில் எதிர்வீட்டுக்குப் போன கோடையில் ஓர் ஆச்சி வந்திருந்தார். அம்பாசமுத்திரம் பக்கம். எழுபதைத் தாண்டியவர். ஊரில் தனியாக ஒரு வீட்டைக் கட்டி ஆள்கிறவர். மாடு இருந்த காலத்தில் மாட்டையும் பார்த்தவர். மகனும் மருமகளும் நல்ல பிள்ளைகள், அதில் குறையே சொல்ல முடியாது. ஆச்சி அடுப்படிப் பக்கம் வந்தால் "அத்தை, நீங்க உக்காருங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்பாள் மருமகள். துவைத்த துணியை மடிக்க உட்கார்ந்தால், "அம்மா, அதுக்கு ஆள் வருவாங்க" என்பான் மகன். பாத்திரம் கழுவ ஆள், வீடு பெருக்க ஆள், துணி துவைக்க மெஷின். டிவி ரிமோட்டை ஆச்சியின் கையில் கொடுத்துவிட்டு ஒன்பது மணிக்கு இருவரும் கிளம்பிவிடுவார்கள். பேரன் போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுவான்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. லிஃப்ட் பக்கத்தில் என்னைப் பார்த்தவர் கேட்டார்: "திங்கக்கெழமைக்கு டிக்கெட் கெடைக்குமான்னு பாக்கத் தெரியுமா ஒனக்கு? இங்க நான் சும்மா உக்காந்து என்னத்தச் செய்ய? ஊர்ல கெடந்தா நாலு செடிக்காவது தண்ணி ஊத்துவேன்." குரலில் கோபமில்லை, புகாருமில்லை. மகனைப் பற்றியும் மருமகளைப் பற்றியும் பெருமையாகத்தான் பேசினார். ஆனாலும் போகவேண்டும் என்றார்.

திங்கட்கிழமை அவர் போகவில்லை. நான் ஒன்றும் செய்யவில்லை, மருமகள் செய்தாள். ஆபீசிலிருந்து அலுத்துப்போய் வந்த ஒரு ராத்திரி, யோசித்துப் பார்த்தெல்லாம் இல்லை, வாய்க்கு வந்தபடி கேட்டிருக்கிறாள்: "அத்தை, நாளைக்கு உளுந்தம்பருப்புச் சோறு நீங்க பொங்குதீங்களா? எனக்கு அந்தப் பக்குவமே வர மாட்டேங்குது."

மறுநாள் காலை எங்கள் வராந்தா முழுக்க வறுத்த உளுந்து மணத்தது. திருநெல்வேலிக்காரர்களுக்கு அந்த மணத்தைச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தொலி நீக்காத கறுப்பு உடைத்த உளுந்தை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுக்கவேண்டும். அரிசி இரண்டு பங்கு என்றால் பருப்பு ஒரு பங்கு. நிறையப் பூண்டு, கொஞ்சம் வெந்தயம், ஒரு கை தேங்காய்த் துருவல், உப்பு. தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையலும் அவியலும். ஆச்சி அன்று குக்கரைத் தொடவில்லை. கனமான ஒரு பாத்திரத்தைத் தேடி எடுத்து அதில்தான் பொங்கினார். வயசுப் பெண்களுக்கு இடுப்புக்கு நல்லது என்று ஊரில் சொல்லும் சோறு அது. பேரனைக் கூப்பிட்டுப் பூண்டு உரிக்க உட்காரவைத்திருந்தார். அவன் ஒவ்வொரு பல்லையும் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். ஆச்சி ஒரு பல்லை எடுத்து அம்மிக்குழவி இல்லாத குறைக்கு டம்ளரின் அடிப்பக்கத்தால் லேசாக ஒரு தட்டுத் தட்டினார். தோல் தனியாக வந்துவிட்டது. பிறகு மிச்சப் பூண்டு முழுவதையும் அவனே தட்டி உரித்தான். எங்கள் வீட்டுக்கு ஒரு தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்து கொடுத்ததும் அவன்தான். "நான் செஞ்சது ஆன்ட்டி, ஆச்சி ஹெல்ப் பண்ணாங்க" என்றான்.

அதன் பிறகு அந்த வீட்டில் வாரத்தில் மூன்று நாள் மதியச் சமையல் ஆச்சியுடையது. எந்த மூன்று நாள் என்பதையும் ஆச்சியே சொன்னார். பால்கனியில் கிடந்த காலித் தொட்டிகளில் கீரை விதைத்தார். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்து பேரனை முதல் நாள் வண்டி ஏற்றிவிட்ட பிறகுதான் ஊருக்குக் கிளம்பினார்.

வயதானவர்களுக்கு ஓய்வு கொடுக்கிறோம் என்று நினைத்து நாம் அவர்களிடமிருந்து பிடுங்கிக்கொள்வது எது என்று எனக்கு அன்று நன்றாகப் புரிந்தது. அந்த வீட்டில் தனக்கு ஓர் இடம் உண்டு என்ற நினைப்பைத்தான். பாசம் குறைந்ததால் யாரும் இதைச் செய்வதில்லை. பாசம் மிகுந்துதான் செய்கிறோம். "இவ்வளவு காலம் உழைச்சாச்சு, இனிமேலாவது உக்காரட்டும்" என்கிறோம். உட்கார்ந்து பழகாத உடம்பு அது என்பது நமக்கு மறந்துவிடுகிறது.

இந்த இடத்தில் தான்சானியா நாட்டைப் பற்றி ஒரு செய்தி சொல்லவேண்டும். அங்கே வடக்கே, எயாசி என்ற ஏரிக்கரையில் ஹட்ஸா என்ற மக்கள் வாழ்கிறார்கள். வேட்டையாடியும், காட்டில் கிழங்கும் தேனும் பழமும் சேகரித்தும் பிழைக்கிறவர்கள். 1980களில் கிறிஸ்டன் ஹாக்ஸ் என்ற அமெரிக்க மானிடவியலாளர் தம் கூட்டாளிகளோடு அவர்களிடையே தங்கி, யார் எவ்வளவு நேரம் உழைக்கிறார்கள், எவ்வளவு உணவு கொண்டுவருகிறார்கள் என்று உட்கார்ந்து கணக்கெடுத்தார். பிள்ளை பெறும் வயதைக் கடந்த பாட்டிகள் கடினமான மண்ணைக் குச்சியால் தோண்டிக் கிழங்கு எடுப்பதில் இளம்பெண்களைவிடக் கூடுதல் நேரம் உழைப்பதை அவர்கள் கண்டார்கள். தாய்க்குப் புதிதாக ஒரு குழந்தை பிறந்து அவள் கை கட்டுப்பட்டுவிடும் காலத்தில், மூத்த பிள்ளையின் எடை கூடுவதும் குறைவதும் பாட்டியின் உழைப்பைப் பொறுத்தே இருந்தது. பிள்ளைப்பேறு நின்ற பிறகும் மனிதப் பெண் ஏன் இத்தனை ஆண்டுகள் வாழ்கிறாள் என்ற பழைய கேள்விக்கு ஹாக்ஸ் குழுவினர் இதையே விடையாக முன்வைத்தார்கள். பேரப்பிள்ளைகளைக் காப்பாற்றிய பாட்டிகளால்தான் மனித ஆயுளே நீண்டது என்பது அவர்கள் கட்சி. அறிஞர்கள் இன்றும் இதைப்பற்றி விவாதிக்கிறார்கள். எனக்கு அந்த ஏரிக்கரைப் பாட்டிகளையும் எங்கள் எதிர்வீட்டு ஆச்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. பாட்டியின் உழைப்பு என்பது வீட்டுக்கு ஒத்தாசை மட்டுமல்ல, பாட்டியாக இருப்பதே அதுதான்.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. அதையும் சொல்லாமல் விட்டால் இந்தப் பக்கம் நியாயமாக இருக்காது. குழந்தையைப் பார்க்கிற பெண் நின்றுவிட்டால், கிரெச் மூடிவிட்டால், உடனே ஊருக்கு ஒரு போன். "அம்மா, ஒரு மாசம் வந்து இருங்களேன்." அந்த ஒரு மாதம் ஆறாகும். காலை ஆறு மணிக்குப் பால் பாட்டில், எட்டரைக்கு டிபன் பாக்ஸ், பகலெல்லாம் இரண்டு வயதுக் குழந்தையின் பின்னால் ஓட்டம். மூட்டுவலி என்று சொன்னால் ஒரு தைலம் வாங்கிக் கொடுப்பார்கள். சனி, ஞாயிறு மகனும் மருமகளும் சினிமாவுக்குப் போவார்கள். குழந்தையோடு ஆச்சி வீட்டில். வெளிநாட்டுக்குப் பிரசவம் பார்க்கப் போகிறவர்கள் கதை இன்னும் கடினம். அம்மா போய் வந்ததும் மாமியார் போவார் என்று முறை வைத்து அனுப்புகிறோம். பனிக்காலத்தில் வெளியே இறங்க முடியாது, பேச ஒரு வாய் கிடைக்காது, கணவரோ ஊரில் தனியாக ஹோட்டல் சாப்பாடு. பேரன் முகத்தைப் பார்த்துவிட்டு அத்தனையையும் பொறுத்துக்கொண்டு வருகிற எத்தனையோ தாய்மாரை உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அதுவும் வேலைதானே, அதில் என்ன தவறு என்று கேட்கலாம். அதில் அவர்களைக் கேட்கவில்லை என்பதே தவறு. எதிர்வீட்டு ஆச்சி எந்த மூன்று நாள் என்று தானே சொன்னார் பாருங்கள், அந்த உரிமை வேண்டும். இன்று முடியவில்லை என்றால் படுத்துக்கொள்ளும் உரிமை வேண்டும். ஒரு வேலையைத் தானாக எடுத்துச் செய்கிறவருக்கு அது மரியாதை. அதே வேலை தலையில் விழுந்தால் பாரம்.

படுத்துக்கொள்வது என்றதும் எழுதியே ஆகவேண்டிய ஒன்று நினைவுக்கு வருகிறது. வருகிறவர்கள் எங்கே படுக்கிறார்கள்? சென்னையில் பல வீடுகளுக்கு இரண்டு படுக்கையறைதான். ஆச்சிக்கு ஹாலில் திவான் என்று முடிவாகிவிடும். ஹாலில் படுக்கிறவருக்கு நேரம் தன் கையில் இல்லை. ராத்திரி பதினொன்றுக்கு மகன் டிவியை நிறுத்தினால்தான் அவர் கண்ணை மூட முடியும். காலை ஐந்தரைக்குப் பால் பாக்கெட், ஆறுக்கு வேலைக்காரப் பெண்; அதற்குள் எழுந்து போர்வையை மடித்து ஒளித்து வைத்துவிடவேண்டும். பகலில் கொஞ்சம் முதுகைச் சாய்க்கலாம் என்றால் கூரியர்காரர், தண்ணீர் கேன்காரர், பேரனின் நண்பர்கள். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். இதை ஒரு குறையாக வாய்விட்டு எந்த ஆச்சியும் சொல்லமாட்டார்.

முடிந்தவரை கதவுள்ள ஓர் அறையைக் கொடுங்கள். பேத்தியின் அறைதான் இருக்கிறது என்றால், பேத்தியிடம் முன்னதாகவே கேட்டுச் சம்மதம் வாங்குங்கள். பதினான்கு வயதுப் பெண்ணின் அறையைக் கேட்காமல் பிடுங்கினால் அந்தக் கோபம் முழுவதும் ஆச்சியின் மேல் திரும்பும். கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். "ஆச்சி என்கூடப் படுக்கட்டும்" என்று அவர்களே சொல்வதும் உண்டு. ராத்திரி விளக்கணைத்த பிறகு இருவரும் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது அப்பா, அம்மாவுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அந்த வயதுப் பெண் அம்மாவிடம் சொல்ல முடியாததை ஆச்சியிடம் சொல்லிவிடுவாள். ஹாலைத் தவிர இடமே இல்லை என்றால், டிவியை நிறுத்தும் நேரத்தை ஆச்சி சொல்லட்டும். வீடு அதற்கு இணங்கட்டும்.

குளியலறையை ஒருமுறை அவர்கள் கண்ணால் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி விபத்து மரணங்களுக்கான காரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்தபடி நிற்பது கீழே விழுவதுதான். அப்படி இறப்பவர்களில் அறுபதைக் கடந்தவர்களே அதிகம். ஊர் வீட்டின் சிமென்ட் தளத்தில் நடந்து பழகிய கால், ஈரமான டைல்ஸில் எங்கே வழுக்கும் என்று அதற்குத் தெரியாது. சுவரில் ஒரு பிடிகம்பி, தரையில் ரப்பர் மிதியடி, ராத்திரி பாத்ரூம் வரை எரியும் ஒரு சின்ன விளக்கு. அவர்கள் ரயில் ஏறுமுன் இவை மூன்றும் தயாராக இருக்கட்டும். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை ஒரு வாரத்துக்குக் கூடுதலாகவே எடுத்துவரச் சொல்லுங்கள். டாக்டர் சீட்டைப் போட்டோ எடுத்து உங்கள் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆச்சியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். தாத்தா பாடு இன்னும் சிரமம். ஆச்சிக்கு எந்த ஊரிலும் ஓர் அடுப்படி இருக்கும். தாத்தாவின் ஊர் வாழ்க்கை முழுவதும் வீட்டுக்கு வெளியே இருந்தது: டீக்கடை பெஞ்சு, அங்கே கிடக்கிற பேப்பர், கோயில் வாசல், வயல் வரப்பு. சென்னையில் நான்காவது மாடிக்கு வந்து சேர்ந்தால் அவருக்குப் பால்கனி மட்டும்தான் மிச்சம். கீழே இறங்கினால் எல்லாக் கட்டடமும் ஒரே மாதிரி. திரும்பி வரும்போது வாட்ச்மேன் "எந்த ஃபிளாட்?" என்று கேட்டால் எண் நினைவுக்கு வராது. ஒருமுறை அப்படித் தடுமாறினால் போதும், அப்புறம் இறங்கவே மாட்டார்.

தாத்தாவுக்கு முதல் நாளே வீட்டுச் சாவி ஒன்றைக் கையில் கொடுங்கள். அவர் வெளியே போனால் திரும்பி வந்து காலிங் பெல் அடித்துவிட்டுக் கதவு திறக்கிறதா என்று காத்து நிற்க வேண்டியிருக்கக் கூடாது. முகவரியும் உங்கள் போன் நம்பரும் எழுதிய ஒரு சீட்டு அவர் சட்டைப்பையில் இருக்கட்டும். முதல் நாள் மாலை நீங்களே கூட்டிக்கொண்டு இறங்கி, வாட்ச்மேன், இஸ்திரி வண்டிக்காரர், முனை டீக்கடைக்காரர் எல்லோரிடமும், "எங்க அப்பா, ஊர்லேருந்து வந்திருக்காங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். பிறகு அவரே பார்த்துக்கொள்வார். நான் பார்த்த ஒரு பெரியவர், போஸ்ட் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அப்படித்தான் இஸ்திரி வண்டிப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார ஆரம்பித்தார். போகிற வருகிறவர்கள் நின்று அவரிடம் சேமிப்புத் திட்டம் பற்றி விசாரிப்பார்கள். அவர் ஊருக்குப் போன பிறகும் அந்த ஸ்டூலை எடுக்க இஸ்திரிக்காரருக்கு மனம் வரவில்லை.

ஆச்சிக்கும் வெளியே போக வழி இருக்கிறது. தமிழக அரசின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எந்த ஊர்ப் பெண் என்று யாரும் கேட்பதில்லை. சென்னைக்கு வந்திருக்கிற ஆச்சி யாரிடமும் காசு கேட்காமல், யாருடைய காரையும் எதிர்பார்க்காமல், பேத்தியைக் கூட்டிக்கொண்டு வடபழனிக்கோ மயிலாப்பூருக்கோ போய்வரலாம். எந்த பஸ், எங்கே இறங்குவது என்பதைப் பேத்தி பார்த்துக்கொள்வாள். சாமி முன்னால் எப்படி நிற்பது என்பதை ஆச்சி சொல்லிக்கொடுப்பார். அன்றைய கூட்டமும் வியர்வையும் திரும்பும் வழியில் வாங்கித் தின்ற சுண்டலும் அந்தப் பெண்ணுக்கு எந்த மால் பயணத்தைவிடவும் அதிக நாள் நினைவில் நிற்கும். காலையிலேயே அனுப்புங்கள், கத்திரி வெயிலில் பகலில் வேண்டாம்.

இதுவரை சொன்னதெல்லாம் வீட்டார் மனது வைத்துச் செய்யவேண்டியவை. பெற்றவர்களுக்கு இன்று சட்டத்தின் துணையும் உண்டு. நம் நாட்டில் 2007ஆம் ஆண்டு இயற்றப்பட்ட பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின்படி, தம்மைத் தாமே பராமரித்துக்கொள்ள முடியாத பெற்றோர் பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். வயதுவந்த பேரன், பேத்திகளும் இந்தச் சட்டத்தில் பிள்ளைகள் கணக்கில்தான் வருகிறார்கள். சீனா இன்னும் ஒரு படி மேலே போனது. தனியே வாழும் பிள்ளைகள் முதிய பெற்றோரை அடிக்கடி போய்ப் பார்க்கவேண்டும், நலம் விசாரிக்கவேண்டும் என்று 2013 ஜூலை 1 முதல் அங்கே சட்டமே சொல்கிறது. சோற்றுக்கு வழியில்லாமல் விடப்பட்ட பெற்றோருக்கு நம் சட்டம் பெரிய பாதுகாப்பு, அதை நான் குறைத்துப் பேசவில்லை. உங்களுக்குத் தெரிந்த எந்தப் பெரியவராவது அப்படித் தவித்தால் 14567 என்ற கட்டணமில்லா எண்ணை அவருக்குச் சொல்லுங்கள். ஆனால் வருகிற இடத்தில் பேரன் ஓடிவந்து பையை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று எந்தச் சட்டமும் எழுதிவைக்க முடியாது. அது அந்த வீட்டுப் பெரியவர்களைப் பார்த்துப் பிள்ளைகள் பழகுவது.

வளர்ந்த பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. நாற்பதைத் தாண்டியவரானாலும் அம்மா வந்திருக்கும்போது நீங்கள் மகன், மகள். பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்ததாகத்தான் அவர்கள் சொல்வார்கள். உங்களையும் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள். தினமும் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் போனை வேறு அறையில் வைத்துவிட்டு அரைமணி நேரம் அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். ஊர்க்கதை கேளுங்கள். கிணற்றில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது, பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் ஆயிற்றே எப்படி இருக்கிறார், வீட்டுத் தீர்வை கட்டியாயிற்றா. பெரிய பேச்சு எதுவும் தேவையில்லை. சொல்ல நினைத்ததைச் சில நாட்கள் கழித்து அவர்களே எடுப்பார்கள். நெஞ்சில் ஒரு வலி வந்து போனது, அடகு வைத்த ஒரு நகை, தம்பியோடு ஒரு மனக்கசப்பு. போனில் சொல்லாமல் சுமந்துகொண்டு வந்தது அந்த அரைமணி நேரத்தில்தான் வெளியே வரும்.

திரும்பிப் போகும் தேதியையும் அவர்களே சொல்லட்டும். வருவதற்கு முன்பே போகும் டிக்கெட்டையும் எடுத்து வைத்துவிடுகிற வழக்கம் இப்போது வந்துவிட்டது. ரயிலில் இடம் கிடைக்காத பயம் எனக்கும் புரிகிறது. எடுங்கள், ஆனால் கேட்டுவிட்டு எடுங்கள். ஊரில் கோயில் கொடை இருக்கும், ஒரு கல்யாணம் இருக்கும், நெல் அறுப்பு இருக்கும். நம் லீவுக் கணக்கை மட்டும் வைத்து அவர்கள் நாட்களை நாம் தீர்மானிக்கக் கூடாது. அவர்கள் சீக்கிரம் போகிறேன் என்றாலும் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர்களுக்கும் ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டில் விளக்கேற்ற ஆள் வேண்டும்.

இப்போது டிக்கெட் விஷயம். முன்பு 120 நாட்களுக்கு முன்னால் திறந்த ரயில் முன்பதிவு, 2024 நவம்பர் 1 முதல் 60 நாட்களுக்குக் குறைக்கப்பட்டிருக்கிறது. மே மாதப் பயணத்துக்கு மார்ச்சிலேயே எடுத்தால்தான் உண்டு. மூத்தவர்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அதற்கு முன் ஆண்களுக்கு 40 சதவீதமும் பெண்களுக்கு 50 சதவீதமும் குறைந்திருந்தது. பென்ஷன் இல்லாத தாத்தாவும் ஆச்சியும் பேரனைப் பார்க்கப் போவதற்கு அது பெரிய கைத்தாங்கலாக இருந்தது. அதைத் திரும்பக் கொடுக்கவேண்டும் என்று இந்தப் பக்கத்தின் வழியாகவும் கேட்டுக்கொள்கிறேன். கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு இன்னும் இருக்கிறது. 60 வயதான ஆண்களும் 45 வயதான பெண்களும் தனியாகவோ, அப்படிப்பட்டவர் இருவராகவோ ஒரே டிக்கெட்டில் பயணம் செய்தால் அதில் கேட்கலாம். கூடவே ஓர் இளையவர் பெயரை அதே டிக்கெட்டில் சேர்த்தால் அந்த ஒதுக்கீடு கிடைக்காது. அவருக்குத் தனி டிக்கெட் எடுங்கள்.

ஆச்சியோ தாத்தாவோ உங்கள் வீட்டில் வந்து இருக்கும்போது எந்த வேலையைத் தங்களுடையதாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். பேரன், பேத்திகள் தங்கள் கையெழுத்தில் எழுதினால் இன்னும் நல்லது. கோடைச் சிறப்பிதழில் அந்தக் கடிதங்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறோம். அதற்கு முன் இன்று ராத்திரியே ஊருக்கு ஒரு போன் போட்டு, அவர்களுக்கு எந்தத் தேதி தோது என்று கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்